எலும்புக் கட்டிக்குச் சூடு எதற்கு?

குதிரையின் முன்னங்காலைத் தினமும் தடவிப் பார்க்கிறவர் கையில் ஒரு நாள் புதிதாக ஏதோ இடறும். முட்டிக்குக் கீழே, காலின் உள்பக்கத்தில், அரை நெல்லிக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு. தொட்டால் சுடும், அழுத்தினால் குதிரை காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். சில வாரத்தில் சூடு தணிந்து கல்லாக இறுகிவிடும். அதற்குள் லாயத்துக்கு வந்துபோகிற நாலு பேர் நாலு வைத்தியம் சொல்லியிருப்பார்கள். சூடு போடு என்பார் ஒருவர். காரமான மருந்தைத் தடவிக் கொப்புளம் எழுப்பு என்பார் இன்னொருவர். எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்த்தால் கரைந்துவிடும் என்று ஒரு பெரியவர். வலிக்கு ஊசி போட்டு ஓட்டிப் பாரேன் என்று ஓர் இளைஞர். நாலு யோசனைக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: கட்டிதான் நோய், கட்டி போனால் நோய் போச்சு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பெரும்பாலான குதிரைகளில் அந்தக் கட்டி, முன்பே நடந்துவிட்ட ஒரு சேதத்துக்கு உடம்பு தானாகச் செய்துகொண்ட ரிப்பேர் வேலை. வைத்தியம் பார்க்க வேண்டியது அந்தச் சேதத்துக்கும் அதை உண்டாக்கிய காரணத்துக்கும்தான். கட்டியோடு சண்டை போடப் போனால் பெரும்பாலும் கட்டி வளரும், அல்லது குதிரை கெடும்.

இதை ஒப்புக்கொள்ள, எலும்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். குதிரை நிற்பது ஒற்றை விரலில். நம் கையோடு வைத்துப் பார்த்தால் நடுவிரல் மட்டும்தான் அதற்கு மிஞ்சியிருக்கிறது. குளம்பு என்பது அந்த விரலின் நகம். குதிரையின் ஆதி முன்னோர்களுக்குக் காலுக்குப் பல விரல்கள் இருந்தன. கோடிக்கணக்கான ஆண்டுகளில் அவை தேய்ந்து மறைந்தபோது, நடு எலும்பின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு இரண்டு மெல்லிய எலும்புகள் தங்கிவிட்டன. ரேஸ் குதிரைக்காரர்கள் ஸ்பிளின்ட் எலும்பு என்பார்கள். நான் குச்சி எலும்பு என்றே எழுதுகிறேன். மேலே தடித்துத் தொடங்கி, கீழே போகப் போக மெலிந்து, கணு மூட்டுக்கு மேலேயே முடிந்துவிடும். உபயோகமற்ற மிச்சம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அவற்றின் மேல்முனை முட்டி மூட்டுக்குள் இருக்கிறது. முட்டி வழியாக இறங்கும் எடையில் ஒரு பங்கை அவை வாங்கிக்கொள்கின்றன. அதிலும் உள்பக்கக் குச்சி எலும்பின் தலை தட்டையாக, கூடுதல் எடை வாங்கும்படி அமைந்திருக்கிறது. குதிரையின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் விழுகிறது. நாலுகால் பாய்ச்சலில் ஒரு முன்னங்கால் தரையில் ஊன்றும் நொடியில் உடல் எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட விசை அந்த ஒரு காலில் இறங்கும். கட்டி பெரும்பாலும் முன்னங்காலில், அதுவும் உள்பக்கத்தில் வருவதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

குச்சி எலும்பை நடு எலும்போடு பிணைத்து வைத்திருப்பது ஒரு தசைநார். இளம் குதிரையில் இது இழுபடக்கூடிய நாராகவே இருக்கும். வயது ஏற ஏறப் பல குதிரைகளில் மெல்ல எலும்பாகி, இரண்டையும் ஒன்றாக்கிவிடும். இந்தப் பிணைப்பு இறுகுவதற்கு முன்னால் கடுமையான தரையில் ஓடவிட்டால், ஒவ்வோர் ஊன்றலிலும் குச்சி எலும்பு மயிரிழை அளவு கீழே தள்ளப்படும். நார் கிழியும், எலும்பைப் போர்த்தியிருக்கும் உறை தூக்கிக்கொள்ளும், உள்ளே ரத்தக் கசிவும் வீக்கமும் சூடும் வரும். எலும்பு உறைக்கு ஒரு குணம் உண்டு: சீண்டினால் எலும்பை உற்பத்தி செய்யும். ஆட்டம் கண்ட இடத்தில் புது எலும்பு படிந்து, இரண்டையும் அசையாமல் பூட்டிவிடுகிறது. நாம் தடவிப் பார்க்கிற கட்டி அந்தப் பூட்டுதான். எலும்பு, தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் புத்தகமாகவே எழுதினார். சூடும் வலியும் இருக்கிற நாட்கள்தான் நோய்க்காலம். கல்லாக இறுகி, அழுத்தினாலும் குதிரை சும்மா நிற்கிறது என்றால் வேலை முடிந்துவிட்டது. பிறகு மாதக்கணக்கில் உடம்பே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கிச் சிறிதாக்கும். முழுக்க மறையாமலும் போகலாம்.

"அப்படியானால் எந்தக் கட்டியையும் கண்டுகொள்ள வேண்டாமா?" என்று கேட்பீர்கள். இந்த ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. நான் சொன்னது ஓர் இடத்துக் கட்டிக்கு மட்டும். குதிரைக் காலில் எலும்பு புடைக்கும் இடங்கள் பல. இடம் மாறினால் தீர்ப்பும் மாறிவிடும். கணுவுக்கும் குளம்புக்கும் நடுவே வளையம்போல் சுற்றி எலும்பு வளர்ந்தால் அது மூட்டைத் தின்னும் நோயாக இருக்கலாம். அதில் நொண்டல் நிரந்தரமாகிவிடுவதுண்டு. பின்னங்காலின் முழங்கணு மூட்டில், உள்பக்கம் கீழே வரும் எலும்பு வளர்ச்சியும் அந்த ஜாதிதான். குச்சி எலும்பிலேயே கூட முட்டி மூட்டை ஒட்டி மிக மேலே வந்தாலோ, பின்பக்கமாக உள்ளே வளர்ந்து அங்கே ஓடும் பெரிய தசைநாரை உரசினாலோ, விஷயம் அழகு சம்பந்தப்பட்டதாக மட்டும் இருக்காது. உதை வாங்கிய காலென்றால் குச்சி எலும்பு முறிந்தே இருக்கலாம். காயம் திறந்திருந்தால் சீழும் பிடிக்கும். இதையெல்லாம் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. எக்ஸ்ரே வேண்டும், தசைநாரைப் பார்க்க ஸ்கேன் வேண்டும்.

விரலால் தெரிந்துகொள்ளக் கூடியதும் நிறைய இருக்கிறது. ஒருவர் குதிரையைப் பிடித்திருக்க, காலைத் தூக்கி முட்டியை மடக்கிக்கொள்ளுங்கள். தசைநாண்கள் தளர்ந்து தொங்கும். கட்டைவிரலை முட்டிக்குக் கீழே நடு எலும்புக்கும் குச்சி எலும்புக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் வைத்து, மெதுவாகக் கீழே இழுத்துவாருங்கள். வழவழவென்று போகும் விளிம்பில் எங்கே மேடு தட்டுகிறது, அங்கே குதிரை காது மடக்குகிறதா, காலை இழுக்கிறதா என்று பாருங்கள். பிறகு மற்ற முன்னங்காலிலும் அதே இடத்தைத் தடவி ஒப்பிடுங்கள். கீழே, குச்சி எலும்பு முடிகிற இடத்தில் பட்டாணி மாதிரி ஒரு குமிழ் உருளும். அது எல்லாக் குதிரைக்கும் உண்டு; அந்த எலும்பின் இயல்பான கீழ்முனை அது. இது தெரியாமல் அந்தக் குமிழையே கட்டி என்று பயந்து மருந்து போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நொண்டலைப் பார்க்க, மண் தரையில் நடக்கவிட்டால் போதாது. நடையில் ஒன்றும் தெரியாது. கெட்டித் தரையில் சிற்றோட்டம் ஓடவிட்டால்தான் வலிக்கிற கால் ஊன்றும்போது தலை மேலே தூக்கும்.

இனி, சூடு. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் கோடு கோடாகவோ புள்ளி புள்ளியாகவோ தோலைச் சுடும் இந்த வைத்தியம் நம்மூர் மாட்டுக்கும் உண்டு, அரபு நாட்டுக் குதிரைக்கும் உண்டு, இங்கிலாந்து ரேஸ் குதிரைக்கும் நெடுங்காலம் இருந்தது. இத்தனை நாட்டில் இத்தனை காலம் இருந்த ஒன்று பொய்யாக இருக்குமா என்பதுதான் அதன் ஆதரவாளர்களின் முதல் வாதம். பிரிட்டனில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இயன் சில்வரும் உடன் பணியாற்றியவர்களும் காயம்பட்ட தசைநாண்களில் சூடு போட்டும் போடாமலும் ஒப்பிட்டு, 1983இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சூடு காயத்தை ஆற்றவில்லை. சுட்ட தோல் இறுகிக் கட்டுப்போட்ட மாதிரி காலைத் தாங்கும் என்று காலங்காலமாகச் சொல்லிவந்தார்களே, அந்தத் தோல் பலவீனப்பட்டதுதான் மிச்சம். அந்நாட்டுக் கால்நடை மருத்துவர்களின் ஒழுங்குமுறை அமைப்பான ராயல் கல்லூரி 1991இல் சூடு போடுவது தொழில் தர்மத்துக்கு ஒவ்வாதது என்று அறிவித்தது.

சூட்டுக்காரர் இங்கே விடமாட்டார். "அது தசைநாண், நாம் பேசுவது எலும்பு" என்பார். சரியான கேள்வி. ஆனால் சூட்டின் தர்க்கம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: சுட்டால் ரத்தம் ஓடிவரும், ரத்தம் வந்தால் ஆறும். குச்சி எலும்புக் கட்டியில் ஏற்கெனவே ரத்தமும் சூடும் தேவைக்கு மேல் வந்திருக்கின்றன. அதனால்தான் கட்டியே உண்டானது. சீண்டினால் எலும்பு வளர்க்கும் உறைக்கு மேலே கம்பியைக் காய்ச்சி வைத்தால் என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்து அவர் சொல்வது, "நான் சூடு போட்ட குதிரை எல்லாம் நல்லாத்தானே ஓடுது?" ஓடும். சூடு போட்ட குதிரையை யாரும் மறுநாள் வண்டியில் பூட்டுவதில்லை. புண் ஆறும்வரை வாரக்கணக்கில் லாயத்தில் கட்டிப்போடுகிறார்கள். அந்த ஓய்வுதான் அதைக் குணப்படுத்தியது. பேர் கம்பிக்குப் போய்விட்டது. அதே ஓய்வைச் சூடு இல்லாமல் கொடுத்திருந்தால் தோலில் அந்த வரிகள் விழாமல் இருந்திருக்கும். தேவையில்லாத வலியை விலங்குக்குத் தருவது நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொப்புள மருந்துகள் சூட்டின் தம்பிகள். அதே தர்க்கம், அதே தவறு. கம்பிக்குப் பதில் ரசாயனம். எண்ணெய் விட்டுத் தேய்ப்பது பார்க்கச் சாதுவாக இருக்கிறது. ஆனால் கட்டி சுடுகிற நாட்களில் அழுத்தித் தேய்ப்பது கிழிந்த நாரையும் தூக்கிய உறையையும் திரும்பத் திரும்பச் சீண்டுவதாகும். இறுகிய பிறகு தேய்த்தால் எலும்பு கரையாது. உங்கள் கைதான் வலிக்கும். வெட்டி எடுத்துவிடலாமே என்பவர்களுக்கு: முறிந்த குச்சி எலும்பின் கீழ்த்துண்டை எடுப்பது நல்ல பலன் தரும் அறுவை. வெறும் அழகுக்காகக் கட்டியைச் செதுக்கினால், செதுக்கிய இடத்திலேயே மறுபடி எலும்பு வளர்ந்துவிடுவதுண்டு. தசைநாரை உரசும் கட்டிக்கு அறுவை நியாயம். சந்தைக்குக் கொண்டுபோகும் முன் கால் வழவழப்பாகத் தெரிய வேண்டும் என்பது ஒரு காரணமே இல்லை.

வலி ஊசிதான் இந்த நாலில் மிக ஆபத்தானது, ஏனென்றால் அது வேலை செய்கிறது. டாக்டர் அளவாகக் கொடுக்கும் வீக்கம் குறைக்கும் மருந்து, முதல் சில நாட்களில் ஓய்வோடு சேர்ந்து நல்லதே செய்யும். எலும்பு அளவுக்கு மீறிப் படியாமலும் தடுக்கலாம். அதே மருந்தைப் போட்டு, நொண்டல் மறைந்த தைரியத்தில் பந்தயத்துக்கு ஓட்டினால், கிழிந்த நார் இன்னும் கிழியும். வலி என்பது காலை ஊன்றாதே என்று குதிரைக்கு உடம்பு சொல்லும் உத்தரவு. ரேஸ் உலகம் இதை எப்போதோ உணர்ந்தது: 1968இல் கென்டக்கி டெர்பியில் முதலாவதாக வந்த டான்சர்ஸ் இமேஜ் என்ற குதிரையின் உடம்பில் பினைல்பியூட்டசோன் என்ற வலி மருந்து இருந்ததாகச் சோதனையில் தெரிய, அதன் வெற்றியே பறிபோனது. இந்த வகை மருந்துகள் அளவு மீறினால் குதிரையின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இன்னொன்றும் உண்டு, கொஞ்சம் விலகிப்போகிற விஷயம்தான். டைக்ளோஃபினாக்கைக் கால்நடை மருந்தாகத் தயாரிப்பது நம் நாட்டில் 2006இல் தடைசெய்யப்பட்டது; மருந்துக் கடையில் கிடைக்கிற மனிதர்களுக்கானதையும் கால்நடைக்குக் கொடுக்கக் கூடாது. கீட்டோபுரோஃபெனும் அசெக்ளோஃபினாக்கும் 2023இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. மருந்து உடம்பில் இருக்கும்போது செத்த விலங்கைத் தின்றால் பாறு கழுகு செத்துப்போகும். ஊட்டியில் சவாரிக் குதிரை வைத்திருப்பவர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. தமிழ்நாட்டில் மிஞ்சியிருக்கிற பாறு கழுகுகள் பெரும்பாலும் பக்கத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் இருக்கின்றன.

சரி, என்னதான் செய்வது? கட்டி சுடுகிற நாட்களில் குளிர்ந்த தண்ணீரைக் குழாய் வைத்து இருபது நிமிடம்போல் ஊற்றுங்கள், நாளைக்கு இரண்டு மூன்று தடவை. ஐஸ் கிடைத்தால் துணி சுற்றி வையுங்கள். இடையில், பஞ்சு வைத்துச் சீரான அழுத்தத்தில் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் தசைநாண் கெடும். மருந்து டாக்டர் சொன்னபடி. அதன்பிறகு ஓய்வு. சாதாரணமாக நாலிலிருந்து ஆறு வாரம், சிலவற்றுக்கு அதற்கு மேலும். ஓய்வென்றால் அசையாமல் கட்டிப்போடுவது அல்ல. சூடு தணிந்ததும் மெத்தென்ற தரையில் கையில் பிடித்து நடத்தலாம். அழுத்தினால் வலிக்கவில்லை, கெட்டித் தரைச் சிற்றோட்டத்தில் தலை தூக்கவில்லை என்று ஆன பிறகு வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பார்க்கச் சாதாரணமாக இருக்கிறது என்பதால்தான் இதை யாரும் வைத்தியம் என்று நம்புவதில்லை.

இதற்கு வரும் ஆட்சேபங்களில் என்னால் லேசாகத் தள்ள முடியாதது ஒன்று உண்டு. மெரினாவிலும் கொடைக்கானல் ஏரிக்கரையிலும் ஒற்றைக் குதிரையை நம்பி வாழ்கிற குடும்பத்துக்கு ஆறு வாரம் என்றால் ஆறு வார வருமானம். பரிதாபம் பேசினால் அடுப்பு எரியாது. ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓய்வில்லாமல் ஓட்டிய கால் ஆறுவதற்குள் மறுபடி மறுபடி கிழியும். கட்டி பெரிதாகித் தசைநாரை உரசும் நிலைக்கு வந்தால் ஆறு வாரத்தில் முடிந்திருக்க வேண்டியது ஒரு சீசனையே விழுங்கும். சுற்றுலாக் கூட்டம் குறைகிற மாதங்களில் கட்டி வந்தால் அதை அதிர்ஷ்டம் என்றே எடுத்துக்கொள்ளலாம். சீசன் நடுவே வந்தால், கடன் வாங்கியாவது முதல் மூன்று வாரத்தையாவது கொடுக்கத்தான் வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

காரணத்துக்கு வருகிறேன். முதல் குற்றவாளி தார் ரோடு. சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் குதிரை வண்டிப் பந்தயம் நடப்பது மண் பாதையில் இல்லை; தார் ரோட்டில், பல கிலோமீட்டர். பந்தயத்தையே நிறுத்து என்று நான் சொல்லவில்லை. பழக்குவதையும் ஏன் அதே ரோட்டில் செய்ய வேண்டும் என்றுதான் கேட்கிறேன். கண்மாய்க் கரையும் உழுத வயலின் ஓரமும் பழக்கத்துக்குப் போதும். இரண்டாவது குற்றவாளி அவசரம். குதிரைக்குச் சுமார் இரண்டரை வயதில் முதல் ஜோடி நிலைப்பல் முளைக்கும், மூன்றரையில் இரண்டாவது, நாலரையில் மூன்றாவது. குச்சி எலும்புக் கட்டி பெரும்பாலும் வருவதும் இந்த இரண்டிலிருந்து நாலு வயதுக்குள்தான். இரண்டு பல் போட்ட குட்டியை வண்டியில் பூட்டி வேகம் பார்ப்பது கட்டியை நாமே அழைப்பது. மூன்றாவது, லாடம். குளம்பு ஒரு பக்கம் உயரமாக, ஒரு பக்கம் தாழ்வாகச் செதுக்கப்பட்டால் எடை ஒரு குச்சி எலும்பின் பக்கமே சாயும். நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீராக்கத் தெரிந்த லாடக்காரர் அமைந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஓடும்போது ஒரு காலின் குளம்பு மறுகாலின் உள்பக்கத்தை இடிக்கும் குதிரைக்குக் கால் உறை கட்டுங்கள்.

தீனியையும் விட முடியாது. எலும்புக்கு வேண்டியது கால்சியமும் பாஸ்பரஸும் சரியான விகிதத்தில். குதிரைக்குக் கால்சியம் எப்போதும் கூடுதலாக, ஒன்றரை அல்லது இரண்டு பங்குக்கு ஒரு பங்கு பாஸ்பரஸ் என்று இருப்பது நல்லது. நாம் வாளி வாளியாகக் கொட்டுகிற தவிட்டில் இது தலைகீழ்: பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அளவு மீறினால் குதிரை தன் எலும்பிலிருந்தே கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். கொழுக்கட்டைப் புல், கம்பு நேப்பியர் போன்ற வெப்பநாட்டுப் புற்களில் இருக்கும் ஆக்சலேட் வேறு கால்சியத்தைக் கட்டிப்போடும். மாட்டுக்கு அது பெரிதாகத் தெரியாது, குதிரைக்குத் தெரியும். இதற்குக் கைவசம் இருக்கும் மாற்று, கால்சியம் நிறைந்த குதிரை மசால். பேரிலேயே குதிரை இருக்கிறது, ஆனால் நம்மூரில் அதைத் தின்பது பெரும்பாலும் ஆடும் மாடும்தான். தீனி மட்டுமே கட்டியை உண்டாக்கிவிடும் என்று சொல்ல மாட்டேன். தார் ரோட்டில் அடிவாங்கும் எலும்பு பலவீனமாகவும் இருந்தால் கேட்பானேன்.

கடைசியாக, வாங்குகிறவர்களுக்கு. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் குதிரை வாங்குகிறவர்கள் சுழி பார்ப்பதில் கெட்டிக்காரர்கள். நெற்றியில் எத்தனை, கழுத்தில் எந்தப் பக்கம் என்று அரைமணி நேரம் பார்ப்பார்கள். முட்டிக்குக் கீழே கையை ஓட்டிப் பார்ப்பது அரை நிமிடம்கூட இருக்காது. பார்க்கிற சிலரும் கட்டி தட்டினதும் குதிரையே வேண்டாம் என்று போய்விடுகிறார்கள். அந்தப் பயத்தினால்தான் விற்கிறவர்கள் கட்டியை மறைக்கவும் கரைக்கவும் என்னென்னவோ செய்கிறார்கள். ஐந்து வயது தாண்டிய குதிரை, கட்டி குளிர்ந்து இறுகியிருக்கிறது, முட்டி மூட்டிலிருந்து விலகி நிற்கிறது, அழுத்தினால் வலியில்லை, கெட்டித் தரையில் ஓட்டினால் தலை தூக்கவில்லை என்றால் தைரியமாக வாங்குங்கள். வேண்டுமானால் கட்டியைக் காட்டி விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுக் குட்டியின் காலில் சூட்டு வரி இருந்தால் மட்டும் விற்றவரிடம் நாலு கேள்வி கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிய குதிரைக்கு இப்போது கட்டி சுடுகிறது என்றால், கம்பியைக் காய்ச்சுவதற்கு முன் 1962க்கு ஒரு போன் போடுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் அதுதான்.